எண்ணெய்க் கையும் ஆக்சிஜன் வால்வும்

இன்று காலை பக்கத்து வீட்டில் நல்லெண்ணெய் காய்ச்சினார்கள். மிளகு வெடிக்கும் வாசனை வந்ததும் என்னையறியாமல் கைகளை முகர்ந்து பார்த்தேன். நாளை தீபாவளி. பண்டிகை என்றாலே எனக்குப் பயம். ஏன் என்று உனக்கு மட்டுந்தான் தெரியும். நீயோ போய்ச் சேர்ந்து ஆறு மாதமாகிறது.

தொண்ணூறுகளில் பாளையங்கோட்டைக்கு வெளியே அந்தச் சின்னக் கூடத்தில் நாம் இருவரும் வால்வு சுத்தம் செய்தோம். மலையடிவாரத்தில் நடக்கும் ராக்கெட் என்ஜின் சோதனைக்கு அவை போகும். உள்ளே ஓடுவது குளிர்ந்து திரவமான ஆக்சிஜன். அதில் எண்ணெய் பட்டால் ஒரு தட்டுக்கே தீப்பிடிக்கலாம். அதனால் எண்ணெய் தேய்த்துக் குளித்தவர்கள் அன்றும் மறுநாளும் உள்ளே வரக்கூடாது என்பது கூடத்து வழக்கம். "ஊரே மினுமினுன்னு திரியுது, நாம மட்டும் பரட்டத் தலையோட அலையுதோம்" என்று கேலி செய்வாய்.

நீதான் அந்தக் கதையையும் சொன்னாய். வெளிநாட்டில், விண்வெளிக்குப் போகவிருந்த மூவர் ஒத்திகைக்காகக் கலத்துக்குள் உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே முழுக்க ஆக்சிஜன். எங்கோ ஒரு பொறி. உள்பக்கமாகத் திறக்க வேண்டிய கதவு, அழுத்தத்தில் திறக்கவே இல்லை.

"தரையிலதாம்ட்டி நின்னுச்சு. ஒரு அடிகூட மேல போகல."

"நாம செய்யுதது ஆளில்லா ராக்கெட்டுக்குத்தான" என்று சமாளித்தேன்.

"நாளைக்கு ஆளேறுவாவ. இன்னைக்கும் அங்கன பக்கத்துல ஆள் நிக்காவல்லா."

ஒரு தீபாவளியன்று அவசரமாக ஒரு வால்வு கேட்டார்கள், மாலையில் சோதனை. நீ கிறிஸ்தவப் பெண், எண்ணெய்க் குளியல் கிடையாது. ஆனால் ஒருவர் பாகங்களைப் பூட்ட, இன்னொருவர் சரிபார்க்க வேண்டும். மேலாளர் ஆளனுப்பியபோது, மாமியார் தேய்த்த எண்ணெயைச் சீயக்காய் போட்டு அலசி ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. என் வேலை நிரந்தரமாகாத சமயம். இன்னும் குளிக்கவில்லை என்று பொய் சொன்னேன். தொப்பியும் கையுறையும் மாட்டிக்கொண்டு பூட்டினேன். வால்வு ஜீப்பில் போய்விட்டது.

வண்ணார்பேட்டையில் நாம் பஸ்ஸுக்கு நின்றபோது காதோரம் தொட்டேன். விரல் மினுங்கியது. வேலைக்கு நடுவே கையுறையோடு தொப்பியைச் சரிசெய்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. பதறிப்போய் உன்னிடம் சொன்னேன். சொன்ன மறுகணமே ஏன் சொன்னோம் என்றிருந்தது.

"யாருக்கும் தெரியாதுட்டி, விட்டுரு. வேலை போயிரும்" என்று கெஞ்சினேன்.

"போனா போகட்டும். அங்கன நிக்கவங்களுக்கும் இன்னைக்குத் தீவாளிதான."

டெலிபோன் பூத்துக்கு இழுத்துப் போனாய். நம்பரைப் போட்டது நீ. ரிசீவரை என் கையில் திணித்து, "பொய் சொன்னவ நீதான, நீயே சொல்லு" என்றாய்.

சோதனையை நிறுத்தி வால்வைக் கழற்றிப் பார்த்தார்கள். சுத்தமாக இருந்தது. எனக்கு மூன்று மாதம் உள்ளே இடமில்லை. வெளியே பெட்டிக்குச் சீட்டு ஒட்டினேன். "ஒண்ணுமில்லாததுக்கு என் மானத்த வாங்கிட்டியே" என்று உன்னோடு பேச்சை நிறுத்தினேன். நீ பைய வந்து பக்கத்தில் உட்கார்ந்தாய். "ஒண்ணுமில்லன்னு கழத்திப் பாத்த பொறவுதான தெரிஞ்சுது" என்றாய். அப்போதும் எனக்குக் கோபம் ஆறவில்லை.

இந்தச் சித்திரையில் நீ ஆஸ்பத்திரியில் மூச்சுக்குத் தவித்துக் கிடந்தாய். ஆக்சிஜன் சிலிண்டர் தீர்ந்துகொண்டிருந்தது. அடுத்த கட்டில் பெரியவருக்குக் கால் நீவிவிட்ட எண்ணெய்க் கையோடு ஓர் ஆள் புதியதை மாட்ட வந்தார். தடுக்கலாமா வேண்டாமா என்று தயங்கினேன். உனக்குக் காற்று வேண்டும், ஒவ்வொரு நொடியும் வேண்டும். நீ என்னையே பார்த்தாய்.

"அண்ணாச்சி, கையக் கழுவிட்டு வாங்க" என்றேன்.

முறைத்துவிட்டுப் போய்க் கழுவி வந்தார். அதுவரை என் மூச்சும் நின்றுதான் இருந்தது. நீ முகமூடிக்குள் சிரித்தாய்.

இப்போது நம் ஆட்களையே விண்வெளிக்கு அனுப்பப் போவதாகச் செய்தியில் சொல்கிறார்கள். வீட்டில் எல்லோரும் கைதட்டுகிறார்கள். நான் மட்டும் கைதட்டவில்லை. எங்கோ ஒரு கூடத்தில் வேலை முடித்து, தன் தப்பை வாய்க்குள் அடக்கிக்கொண்டு, என்னைப்போல ஒருத்தி வீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருப்பாள். அவள் பக்கத்தில் உன்னைப்போல ஒருத்தி இல்லாமல் போய்விடுவாளோ என்றுதான் பயமாக இருக்கிறது.