கடற்காற்றுக்கு அணையாத அடுப்பு

சிவமயம்

மயிலாப்பூர்,
18-1-2025

பேரன்பிற்குரிய சமத் சார் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் பொங்கல் வாழ்த்து வந்து சேர்ந்தது. வாழ்த்து ஒரு வரி. அதன் கீழே நீங்கள் எழுதியிருந்தவை என்னை இரண்டு நாள் வருத்தின. எனக்குத் தங்கையாகவே இருந்த தங்கள் மனைவி குல்சும் மறைந்தபின் அடுக்களைக் கதவைத் திறப்பதில்லை என்கிறீர்கள். மெஸ்ஸிலிருந்து வரும் பொட்டலம் போதும் என்கிறீர்கள். வரும் ரமலானில் நோன்பு திறக்கப் பேரீச்சம்பழமும் தண்ணீரும் போதும், யாரும் வரவேண்டாம் என்று உறவினருக்கெல்லாம் சொல்லிவிட்டதாகவும் எழுதியிருக்கிறீர்கள்.

ஆறுதல் சொல்லும் செய்யுள்கள் எனக்கு மனப்பாடமாக எத்தனையோ உண்டு. தியாகராய நகர்ப் பள்ளியில் பக்கத்து வகுப்பறையில் நின்று வெப்பமும் ஒளியும் கற்பித்த தங்களிடம் அவற்றைச் சொல்ல நாக்கூசுகிறது. ஆகவே ஆறுதல் கூறாமல், உதவி கேட்கிறேன்.

கடலோரத்தில் ஓரிடத்தில் மாசி மாதம் சில நாள் தங்க விரும்புகிறேன். தீட்சை பெற்ற நாள்முதல், நானே சமைத்து, பூசைப் பெட்டியில் இருக்கும் என் சுவாமிக்குப் படைத்ததையன்றி வேறெதையும் உண்பதில்லை என்பதைத் தாங்கள் அறிவீர்கள். அதனாலேயே மயிலையைவிட்டு ஓர் இரவுகூட வெளியே தங்காதவனாகிவிட்டேன். கையில் எடுத்துச் செல்லத்தக்க சிறிய அடுப்பு ஒன்று இருந்தால் அந்தத் தடை நீங்கும். மலையேறுவோரும் கூடாரம் அடிப்போரும் அப்படிப்பட்ட அடுப்புகளை வைத்திருக்கிறார்களாம். அவற்றுள் எது நல்லது என்று எனக்குத் தெரியவில்லை. கடைக்காரர் சொல்வதோ என் செவிக்கு எட்டாது.

ஓய்வூதியக்காரனுக்குக் கட்டுப்படியாகும் விலை வேண்டும். வெண்கலப் பானை சாயாமல் நிற்க வேண்டும். மின்சார அடுப்பு வேண்டாம். சுடரைக் கண்ணால் கண்டு கும்பிட்ட பிறகே உலை வைப்பது என் வழக்கம். எல்லாவற்றுக்கும் மேலாக, கடற்காற்றுக்கு அணையக்கூடாது. தாங்களே நேரில் சென்று பார்த்துத் தேர்ந்து தரவேண்டும்.

என்றும் தங்கள்,
சந்திரமௌலி


இறைவன் திருப்பெயரால்

கொட்டிவாக்கம்,
25-1-2025

மதிப்பிற்குரிய மௌலி சார் அவர்களுக்கு,

இறைவன் தங்களுக்கு நலம் அருள்வானாக. மடலைப் படித்ததும் வியந்தேன். எழுபத்து நான்கு வயதில் பூசைப் பெட்டியையும் பானையையும் சுமந்துகொண்டு பயணம் புறப்படும் மன உறுதி வேறு யாருக்கு வரும்? கடலோரம் என்றதுமே ராமேஸ்வரம் என்று புரிந்துகொண்டேன். தங்களுக்காக என்பதால் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். பள்ளிவாசலைத் தவிர வேறெங்கும் போகாதிருந்த கால்கள் இவை.

தி.நகரில் பாத்திரக் கடைகளை ஒட்டிய சந்தில் டில்லிபாபு என்பவரின் அடுப்புக் கடை. மூன்று வகை காட்டினார். மாத்திரை போன்ற எரிபொருள் வில்லைகளில் எரிவது ஒன்று. விலை மிகக் குறைவு, ஆனால் வாடையும் கரியும் தாங்கவில்லை. எரிவாயுக் குப்பியின் தலையிலேயே திருகிப் பொருத்துவது இரண்டாவது. சட்டைப்பைக்குள் அடங்கிவிடுகிறது, ஆனால் அதன்மேல் வெண்கலப் பானையை வைத்தால் ஈர்ப்பு மையம் மேலே ஏறிவிடும். மூன்றாவது தட்டையான பெட்டி. குப்பி பக்கவாட்டில் படுத்திருக்கிறது. பானைக்கு அகன்ற தாங்கி, சுற்றிலும் காற்றுத் தடுப்பு. விலை என் ஒரு மாதப் பால் செலவுக்குள் அடங்கும்.

மூன்றையும் பற்றவைத்துக் காட்டச் சொன்னேன். டில்லிபாபு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"இன்னா பெரியவரே, ஸ்டவ் வாங்க வந்தியா, பரீட்ச வெக்க வந்தியா?"

"முப்பது வருசம் பரீட்சைதாம்பா வெச்சுக்கினு இருந்தேன்."

"அதான் பாத்தேன்! எங்க பிசிக்ஸ் வாத்தியாரும் இப்புடித்தான் மூஞ்சிய வெச்சுக்கினு நிப்பாரு. " கடைப் பையன் பக்கம் திரும்பி, "நைனா, அந்தச் சொம்புல தண்ணி புடிச்சாந்து குடு, சார் ஃபெயில் போட்ரப் போறாரு."

சார், சிரித்துவிட்டேன். சிரித்தபிறகு, வீட்டுக்குப் போய் குல்சுமிடம் இதைச் சொல்லவேண்டும் என்று நினைத்தேன். நினைத்த பிறகுதான்... சரி, அது போகட்டும்.

பெருநாள்தோறும் நீங்கள் எங்கள் வீட்டுக்கு வந்து இளநீரும் உரிக்காத வாழைப்பழமும் மட்டும் எடுத்துக்கொள்வீர்கள். "அல்லாம் சரிண்ணே, எங்க வூட்டு உப்பு இன்னா பாவம் பண்ணிச்சு?" என்று அவள் வம்புக்கு இழுப்பாள். "உப்பு மேல குத்தமில்லம்மா, எனக்குத்தான் கொடுத்து வைக்கல" என்பீர்கள். தாங்கள் படியிறங்கியதும் என்னைப் பார்த்து, "வார்த்தன்னா இப்புடி நிக்கணும். நீயும்தான் கீறியே, டாக்டரு சக்கர வேணான்னா டப்பாவத் தேடுற" என்று இடிப்பாள். ஒருநாளும் அவள் மனம் கோணியதில்லை.

தட்டைப் பெட்டியை வாங்கலாமா? தங்கள் உத்தரவுக்குக் காத்திருக்கிறேன்.

தங்கள்,
அப்துல் சமத்


சிவமயம்

மயிலாப்பூர்,
30-1-2025

அன்பு சமத் சார் அவர்களுக்கு,

நூறு அடுப்பைப் பார்த்தாலும் எனக்கு விளங்காததை மூன்றே அடுப்பில் விளக்கிவிட்டீர்கள். ஈர்ப்பு மையம் என்ற சொல்லைப் படித்ததும், சுவருக்கு அப்பாலிருந்து தங்கள் குரல் கேட்டது போலிருந்தது. அக்காலத்தில் என் மாணவர்கள் யாப்பைவிட்டுத் தங்கள் பாடத்துக்குச் செவிசாய்ப்பார்கள். நானும்தான்.

பெட்டி அடுப்பையே வாங்குங்கள். ஆயினும் கடைக்குள் எரிவதை வைத்துக் காற்றுக்கு நிற்கும் என்று முடிவு கட்ட இயலுமா? தங்கள் வீட்டு மொட்டை மாடியில் மாலைக் காற்று வீசும்போது ஏற்றிப் பாருங்கள். வெறும் தண்ணீர் கொதித்தால் போதாது. ஏதேனும் சமைத்துப் பார்க்கவேண்டும். கஞ்சியாக இருந்தாலும் சரி.

தாங்கள் சமைத்த அடுப்பு என் பூசைக்கு ஆகுமோ என்று தயங்கவேண்டாம். முன்பு தன்மேல் உலை வைத்தவர் யாரென்று தீ கேட்பதில்லை. நானும் கேட்பவன் அல்லேன்.

தங்கள்,
சந்திரமௌலி


இறைவன் திருப்பெயரால்

கொட்டிவாக்கம்,
7-2-2025

மதிப்பிற்குரிய மௌலி சார் அவர்களுக்கு,

சோதனை முடிந்தது. அஸர் தொழுகை முடிந்த மாலையில் அடுப்பை மாடிக்குக் கொண்டுபோனேன். கடற்காற்று தென்கிழக்கிலிருந்து அடித்தது. நட்டநடுவில் வைத்ததும் அணைந்தது. கைப்பிடிச் சுவரை ஒட்டி, தடுப்பின் மூடிய பக்கம் காற்றைப் பார்க்கும்படி திருப்பி வைத்தேன். சுடர் குனிந்தது, நீலமாகியது, நின்றது. சத்தியமாகச் சொல்கிறேன், அதைப் பார்த்துக் கைதட்டினேன். எதிர்வீட்டு ருக்சார் தன் மாடியிலிருந்து, "இன்னா தாத்தா, தனியா கைதட்டிக்கினு நிக்கிற?" என்று கேட்டுவிட்டுக் கீழிறங்கி ஓடிவந்தாள்.

கஞ்சிக்குப் பாத்திரம் வேண்டுமே. அடுக்களைக் கதவைத் திறந்து குல்சுமின் கனத்த அலுமினியச் சட்டியை எடுத்தேன். எடுத்ததும் கதவை மூடிவிட்டேன். உள்ளே நின்று பார்க்க முடியவில்லை. அரிசி, பாசிப்பருப்பு, பூண்டு, வெந்தயம் என்று எல்லாம் நினைவிலிருந்து போட்டேன். அடி பிடித்துவிட்டது. ருக்சார் ஒரு வாய் குடித்துவிட்டு, "பாட்டி வெச்ச மாரி இல்ல. ஆனா குடிக்கலாம்" என்று தீர்ப்புச் சொன்னாள். நான் இரண்டு கிண்ணம் குடித்தேன்.

அடுப்பைத் துடைத்துப் பெட்டியில் வைத்திருக்கிறேன். எப்போது, எவ்வழி அனுப்பட்டும்?

தங்கள்,
அப்துல் சமத்


இறைவன் திருப்பெயரால்

கொட்டிவாக்கம்,
11-2-2025

மதிப்பிற்குரிய மௌலி சார் அவர்களுக்கு,

முந்தைய கடிதத்துக்குப் பதில் வருமுன்னே எழுதுகிறேன். மன்னிக்கவேண்டும். பெரிய பிழை நேர்ந்துவிட்டது.

"தாத்தா, உன் ஃபிரண்டு இத எடுத்துக்கினு ராமேஸ்வரம் ரயில்ல ஏறுனா போலீஸ்காரன் எறக்கி வுட்ருவான். கேஸ் அலவ்டு இல்ல, தெரியாதா?" என்று நேற்று ருக்சார் கேட்டாள். எரிவாயுவை ரயிலில் கொண்டுபோகக்கூடாது என்பதைப் பள்ளிப்பிள்ளையும் அறியும். காற்றை எண்ணினேன், பானையின் எடையை எண்ணினேன். தங்களை ஏற்றிச்செல்லும் வண்டியை மட்டும் எண்ணவில்லை.

ஈக்காட்டுத்தாங்கல் வரை சென்று பட்டறைகளில் விசாரித்தேன். ரயிலுக்கு ஒத்துவரும் சுடருள்ள அடுப்பு எதுவும் கிடையாது என்றார்கள். தங்கள் விரதத்துக்குப் பங்கம் வராமல், பயணமும் தடைப்படாமல் செய்வதற்கு எனக்கு வழி தெரியவில்லை. தாங்கள் என்னிடம் கேட்டது இந்த ஒன்றுதான். அதைக்கூடச் சரியாகச் செய்யாமல் போனேனே என்று உறக்கம் வரவில்லை.

வருத்தத்துடன்,
அப்துல் சமத்


சிவமயம்

மயிலாப்பூர்,
16-2-2025

என் அருமை சமத் சார் அவர்களுக்கு,

தங்கள் உறக்கத்தைக் கெடுத்தவன் நான். ராமேஸ்வரம் என்று தாங்கள் எழுதியபோதே மறுத்திருக்கவேண்டும். மறுத்திருந்தால் தாங்கள் தி.நகருக்கும் போயிருக்கமாட்டீர்கள், கஞ்சியும் காய்ச்சியிருக்கமாட்டீர்கள் என்று வாளாவிருந்தேன்.

நான் தங்க விரும்பும் கடலோரத்துக்கு ரயில் போவதில்லை. அதன் பெயர் கொட்டிவாக்கம்.

ரமலானில் தாங்கள் தனியே அமர்ந்து நோன்பு திறப்பீர்கள் என்பதை என்னால் தாங்க இயலவில்லை. அருகில் வந்து அமரலாம்; ஆனால் தாங்கள் கஞ்சி குடிப்பதை வெறுங்கையோடு பார்த்துக்கொண்டிருக்கும் விருந்தாளியாக இருப்பதில் எனக்கு உடன்பாடில்லை. சேர்ந்து உண்ணவேண்டும். குருவிடம் கொடுத்த வாக்கோ என்னைப் பிடித்திருக்கிறது. அதை மீறி வந்தால் தாங்களே வருந்துவீர்கள் என்பதும் தெரியும். ஆகவேதான் அடுப்பு.

ஓர் உண்மையைச் சொல்லவேண்டும். என் நியமத்தைப் பலர் புகழ்ந்திருக்கிறார்கள். கதவடைத்த வீட்டில் ஒருவன் தன் நியமத்தைக் காப்பதில் என்ன அருமை? பெருநாளன்று வீடு நிறையப் பிரியாணி மணக்க, வந்த விருந்தாளி வாழைப்பழத்தோடு எழுந்து போவதை முகம் வாடாமல் பார்த்து, அடுத்த ஆண்டும் அவனை வருக என்று அழைத்தவர்களே அரியவர்கள். தாங்களும் தங்கையும் எனக்காக நோற்றது பெரிய நோன்பு.

தங்கள் நோன்பு திறக்கும் வேளையும் என் மாலைப் பூசை முடியும் வேளையும் ஏறக்குறைய ஒன்றே. தாங்கள் இசைந்தால், சிவராத்திரி கழிந்து, பிறை தெரியும் மாலையில் வருகிறேன். மாடியில் ஓர் ஓரம் போதும். கைப்பிடிச் சுவரை ஒட்டி, தடுப்பின் மூடிய பக்கம் காற்றைப் பார்க்க. அடுப்பு அங்கேயே இருக்கட்டும்.

இசைவு வேண்டி,
சந்திரமௌலி


இறைவன் திருப்பெயரால்

கொட்டிவாக்கம்,
20-2-2025

என் மௌலி சார்,

கடிதத்தைப் படித்துவிட்டு நெடுநேரம் அடுக்களைச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டிருந்தேன்.

மாடி வேண்டாம். நேற்று அடுக்களையைத் திறந்தேன். ருக்சாரும் அவள் தாயும் வந்து கைகொடுத்தார்கள். சுவரையும் மேடையையும் நல்ல தண்ணீர் விட்டுக் கழுவினோம். சன்னலைத் திறந்து வைத்திருக்கிறேன். கிழக்குப் பக்கத்து மேடை முழுவதும் தங்களுக்கு; அதில் வேறு எதுவும் வைக்கமாட்டேன். மேற்குப் பக்கத்தில் நான் கஞ்சி காய்ச்சுகிறேன். இம்முறை அடி பிடிக்காது என்று நம்புகிறேன்.

தங்களுக்குப் புதுக் குடமும் புது விளக்கும் வாங்கிவிட்டேன். வேறென்ன வேண்டும் என்று எழுதுங்கள்.

காத்திருக்கும்,
அப்துல் சமத்


சிவமயம்

மயிலாப்பூர்,
25-2-2025

அன்பு சமத் சார் அவர்களுக்கு,

நாளை சிவராத்திரி. தங்கள் பெயரையும் தங்கையின் பெயரையும் சொல்லி வில்வம் சாத்துவேன்.

பயணத்துக்கு எல்லாம் கட்டிவிட்டேன். பூசைப் பெட்டி, வெண்கலப் பானை, பச்சரிசி, பாசிப்பருப்பு, மிளகு, சீரகம், நெய். ஆட்டோக்காரர் வேலுவிடமும் சொல்லியாயிற்று. பிறை தெரியுமுன் வந்துவிடுவேன்.

வேறென்ன வேண்டும் என்று கேட்டிருந்தீர்கள். உப்பு மட்டும் நான் எடுத்துவரவில்லை. தங்கையின் அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு பீங்கான் சாடி இருக்குமே, அதிலிருந்து ஒரு கைப்பிடி எடுத்து வையுங்கள்.

தங்கள்,
சந்திரமௌலி