விருந்தில் கை நனைக்காமல் போன தம்பிக்கு

என் தம்பிக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

நீ என் போனை எடுப்பதில்லை. அதனால் நான் சொல்லச் சொல்ல மருமகள் நசீமா எழுதுகிறாள். என் மகன் ஏரவாடாவில் உன் வீட்டுக்குக் கொண்டு வருவான்.

ஆஸ்பத்திரியில் இருக்கிறேன், எனக்கு ஒன்றும் இல்லை. நெஞ்சில் இரண்டு இரத்தக் குழாய் அடைத்திருக்கிறதாம், நாளைக் காலை ஸ்டாண்டு வைப்பார்களாம்.

"ஸ்டாண்டு இல்ல மாமா, ஸ்டென்ட்டு" என்கிறாள் இவள்.

"எதுவோ ஒண்ணு, உசுரு நிக்கணும். அதானே?" என்றேன்.

படுத்தால் உட்காரத் தோன்றுகிறது, உட்கார்ந்தால் நடக்கத் தோன்றுகிறது. காரணம் நீதான்.

நேற்று டாக்டர், "சாச்சா, மாடி ஏறும்போது இடது கை வலித்ததா, வியர்த்ததா?" என்று இந்தியில் கேட்டார். எனக்கு உன் கைதான் நினைவுக்கு வந்தது.

போன வருஷம் என் மகள் நிக்காஹ்வில் விருந்து மாடியில் நடந்தது. சாம்பல் நிறச் சட்டை போட்டிருந்தாய். பாதிப் படியில் நின்று இடது தோளைப் பிடித்துக்கொண்டாய், கர்சீப்பால் நெற்றியைத் துடைத்தாய். பிரியாணியைத் தொடாமலே இறங்கிப் போய்விட்டாய். "என் மக விருந்துல கை நனைக்காதவன் எனக்குத் தம்பியே இல்ல" என்று நாலு பேர் முன்னால் சொன்னேன். அது உன் காதுக்கு வந்தது.

கோபத்தில் போனாய் என்றுதான் நினைத்தேன். வலியிலா போனாய்?

கூடப்பிறந்தவர்களுக்கும் இது வரலாம், கூட்டி வாருங்கள் என்கிறார் டாக்டர். ஆபரேஷன் காகிதத்தில் கைநாட்டு வைக்கச் சொல்லி மூன்று முறை வந்துவிட்டார்கள். உன்னை அவர் பார்க்கும்வரை நான் வைக்க மாட்டேன். நசீமா அழுதுகொண்டே எழுதுகிறாள்.

மகனோடு ஆட்டோவில் ஏறு. என்னிடம் பேசாவிட்டாலும் போகட்டும். டாக்டரிடம் மட்டும் ஒளிக்காமல் சொல்லிவிடு.

உன் அண்ணன்