மூன்று முறை திரும்பி வந்த லென்ஸ்

அன்பு மகளே,

உன் கேமரா லென்ஸைக் கம்பெனி மூன்றாவது முறையாகத் திருப்பி அனுப்பிவிட்டது. "கீழே விழுந்தது, உத்தரவாதம் செல்லாது" என்று அதே வரி. போனில் கத்தினேன். சர்வீஸ் பெண் அசரவில்லை.

"நாலு மாசமா எங்களத் திட்டுறீங்க சார். யாரு கீழ போட்டாங்கன்னு வீட்டுல கேட்டீங்களா?"

நீ உன் கணவன் சீவர்ட்டிடம் கேட்டாய். அவன் இல்லையென்றான், நீ நம்பவில்லை. இப்போது அவன் தன் அண்ணன் வீட்டில் இருக்கிறான்.

பெர்கன் நகரத்தில் இருக்கும் என் கேமரா கடையில் லென்ஸைச் சுத்தம் செய்யக் கொடுத்தாயே, அன்று அதையே ஒரு வாடிக்கையாளருக்குக் காட்டி வியாபாரம் முடிக்கப் பார்த்தேன். அவசரத்தில் கேமராவில் சரியாகப் பூட்டவில்லை. விழுந்தது. வெளியே கீறல் இல்லாததால் துடைத்துக் கொடுத்துவிட்டேன்.

காலையில் சீவர்ட்டிடம் போய்ச் சொன்னேன்.

"அவகிட்ட சொல்லிட்டீங்களா மாமா?" என்று மட்டும் கேட்டான்.

இல்லையென்றேன். கதவைச் சாத்திக்கொண்டான்.

உன் அப்பா