பீடத்துணியின் கரை

1944 ஜூலை 17, திங்கள்

புழுக்கம். மழை வரேன் வரேன்னு ஏமாத்திட்டுப் போயிடுச்சு. கிணத்துல தண்ணி அடியில கெடக்கு. ஹாஸ்டல்ல ஆளுக்கு ரெண்டு குடம்தான்னு உத்தரவு.

யுத்தத்தால பேப்பர் கிடைக்கல. பழைய பரீட்சைப் பேப்பரோட வெத்துப் பக்கமா அடுக்கித் தைச்சதுதான் இந்த நோட்டு. பெட்டியில பாவாடைக்கு அடியில இருக்கும்.

ஞானோபதேச வகுப்புல மாட்டிக்கிட்டேன். புஸ்தகத்துக்குள்ள ஒரு துண்டுத் தாள், அதுல கிறுக்கல். பெரிய வட்டம், நடுவுல சின்ன வளையம், வளையத்துலேருந்து சுத்தி கோடு கோடா. காது பாடத்தைக் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கும், கை அதுபாட்டுக்குப் போகும். ஸ்கூலை நடத்தற மதர் பின்னாடி வந்து நின்னது தெரியல.

"ஆரோக்கியம், கை சும்மா இருக்காதா?"

தாளை உருவிக்கிட்டாங்க. மணி அடிக்கிற வரைக்கும் முழங்கால்ல நின்னேன். டீச்சர் டிரெய்னிங் ரெண்டாம் வருஷம், பதினெட்டு வயசு, இன்னும் முழங்கால். மேல தெருப் பொண்ணுங்க சிரிச்சுதுங்க. சிரிக்கட்டும்.

ஜூலை 19, புதன்

மதர் ஆபீஸ் ரூமுக்குக் கூப்பிட்டு விட்டாங்க. போச்சு, பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்னு போனேன். மேசை மேல என் தாள்.

"இது கதிர்ப்பாத்திரம்தானே? நடுவுல நற்கருணை அப்பம், சுத்தி தங்கக் கதிர்?"

வாயில வந்ததை முழுங்கிட்டேன். தலைய ஆட்டினேன்.

ஆகஸ்ட் 15 மாதா திருநாள். கோவில் பீடத்துணி நைஞ்சு போச்சு. சீமை லேஸ் கப்பல் இல்லாம வர்றதில்ல. என் கிறுக்கலையே கரையாப் போட்டுத் தைச்சுடலாம்னு மதருக்கு யோசனை. நான் வரையணும், என் கிளாஸ் பிலோமினா தைக்கணும்.

"நல்லா வந்தா திருச்சி டிராயிங் பரீட்சைக்கு உன் பேரைத்தான் அனுப்புவேன்" னாங்க.

வருஷத்துக்கு ஒருத்தியைத்தான் அனுப்புவாங்க. பாஸ் பண்ணினா ஹைஸ்கூல்ல டிராயிங் டீச்சர். இல்லேன்னா திருமானூர் பக்கம் எங்க தெருவுல ஒத்தை ரூம் பள்ளிக்கூடம், ஆயுசு பூரா ஆனா ஆவன்னா. அந்தப் புள்ளைங்களுக்கும் யாராச்சும் சொல்லிக் குடுக்கணும்தான். ஆனா அது ஏன் எப்பவும் நாங்களே?

படி இறங்கறப்ப கால் தரையில படல.

ஜூலை 25, செவ்வாய்

கிறுக்கறது சுலபம், ஒண்ணைப் போல ஒண்ணு இருக்க வேண்டாம். கரை அப்படி இல்ல. ஒரே பூ, அதான் அந்த வட்டம், நாப்பது தடவை வரணும். என் முதல் வட்டம் கோணல், அதுலதான் உசுரு இருந்துச்சு. காம்பஸ் வச்சுப் போட்டா வண்டிச் சக்கரம் மாதிரி செத்துக் கெடக்கு. அழிச்சு அழிச்சு ரப்பரே தீந்துபோச்சு. கடைசியில கோணலை அப்படியே விட்டேன். ஒரு கோணல், அடுத்தது அதையே திருப்பிப் போட்ட கோணல். ரெண்டும் கை கோத்துக்கிச்சு.

மூலைதான் படுத்திடுச்சு. நேரா ஓடற கரை மூலையில திரும்பறப்ப பூ பாதியில வெட்டுப்படுது. பிலோகிட்ட முகம் பார்க்கிற கண்ணாடியை வாங்கி, கரை மேல சாய்ச்சு நிறுத்தினேன். திரும்பினா எப்படி இருக்கும்னு கண்ணாடிக்குள்ள தெரியுது. தள்ளித் தள்ளிப் பார்த்ததுல ஒரு எடத்துல அப்படியே பொருந்திச்சு. கத்திட்டேன். திட்டு விழுந்துச்சு.

வேலை பாக்கி:
தாள்ல கோடு நெடுக ஊசியால குத்தணும்
கரிப்பொடி, கோடு துணியில இறங்க அதைத் தட்ட ஒரு சின்ன மூட்டை
மஞ்சள் நூல் இருக்கு, சிவப்பு பத்தாது
அப்பாவுக்கு ஒரு கார்டு

பிலோ மேல தெரு. கோவில் காரியமெல்லாம் அவ அப்பா வச்சதுதான் சட்டம். தையல் கை பொன்னு. மாம்பழம் வரையச் சொன்னா உருளைக்கிழங்கு வரும். ஆளு மோசம் இல்ல. துணியை இழுத்துக் கட்டற தையல் சட்டம் ஒண்ணே ஒண்ணுங்கிறதால என் பக்கத்துல உக்கார்றா. சோத்துக்கு மணி அடிச்சா அவ வரிசை வேற, என் வரிசை வேற.

ஜூலை 30, ஞாயிறு

காத்து, புழுதி. பாதிக் கரை தைச்சாச்சு. பார்க்க வர்றவங்க எல்லாம் "கதிர்ப்பாத்திரம்! அச்சா அப்படியே!" ன்னு நெத்தியில சிலுவை போட்டுக்கிறாங்க.

எனக்குத்தான் தெரியும். அது அப்பா பறையோட முதுகு.

ஊரு பார்க்கிறது முன்பக்கத் தோலை. வூட்டுல எலி கடிச்சிடும்னு தோல் சுவத்தைப் பார்க்கத்தான் மாட்டியிருக்கும். அதனால நான் பாயில படுத்துப் பார்த்து வளந்ததெல்லாம் பின்பக்கம். நடுவுல இரும்பு வளையம், அதுலேருந்து சுத்தி இழுத்துக் கட்டின வாரு. அப்பா கட்டறப்ப எப்பவும் ஒரு வாரு கோணலாப் போகும்.

சிரிப்பு வருது. பயமாவும் இருக்கு.

ஆகஸ்ட் 5, சனி

வெயில். நாளைக்குக் கொடியேத்தம். எல்லாரும் பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசையில நின்னோம்.

மண்டு. மண்டு. மண்டு நான்.

நற்கருணை வாங்கப் போறோமே, நற்கருணை பேர்லயே பொய் சொல்லிட்டோமேன்னு ரெண்டு வாரத்துக்கு மேலா உறுத்தல். சாமியார்கிட்ட சொல்லிட்டேன். கிராதிக்கு அந்தப் பக்கம் லேசாச் சிரிச்சாரு.

"அற்பப் பாவம்மா. மூணு அருள் நிறைந்த மந்திரம் சொல்லு. மதர்கிட்ட உண்மையைச் சொல்லிடு, மனசு லேசாயிடும்."

நல்ல மனுஷன். நல்லதுக்குத்தான் சொன்னாரு. அவருக்கென்ன.

நேராப் போனேன். மதர் துணியைத் தடவிப் பார்த்துக்கிட்டு இருந்தாங்க. சொன்னேன். கையை வெடுக்குனு எடுத்துட்டாங்க.

"சாவுக்கு அடிக்கிறதா?"

"ஆமாங்க மதர். நாளைக்குக் கொடியேத்தத்துக்கும் அடிப்பாருங்க."

"அது வாசல்ல. இது பீடம்."

கதவைச் சாத்திட்டு வந்து, "எனக்கு ஒண்ணுமில்ல ஆரோக்கியம். மேல தெருவுக்குத் தெரிஞ்சா தேரே நின்னுடும். ஏன் வந்து சொன்ன?" ன்னாங்க. ஏன் வரைஞ்சன்னு கேக்கல. ஏன் சொன்னன்னு கேட்டாங்க.

மனசு லேசாவல.

ஆகஸ்ட் 6, ஞாயிறு

கொடி ஏறிச்சு. அப்பா கரியில ஓடற பஸ்ஸுல வந்து வாசலுக்கு வெளிய அடிச்சாரு. நல்லா அடிச்சாரு. முடிஞ்சதும் வேப்பமரத்தடியில பார்த்தேன். "என்னத்தா, மொகம் சுண்டிப் போயிருக்கு?" ன்னாரு. எல்லாத்தையும் சொன்னேன். சந்தோசப்படுவாருன்னு நெனச்சேன். பதறிட்டாரு.

"அய்யய்யோ, ஏத்தா வாயத் தொறந்த? சொல்லாம இருந்தா அது அங்கயே இருந்திருக்குமே!"

அவருக்கும் அதே கேள்விதான். ஒரு வாய் காப்பி கூடக் குடிக்காம போயிட்டாரு. அவர் மேல எரிச்சலா வந்துச்சு, அப்புறம் அழுகை.

ஆகஸ்ட் 7, திங்கள்

துணியைப் பிரிப்பாங்கன்னு நெனச்சேன். பிரிக்கல. பிரிக்க நாள் இல்ல, துணியும் அழகா இருக்கு. மதர் ரெண்டு பேரையும் நிக்க வச்சு, "இது கதிர்ப்பாத்திரம். பிலோமினா போட்டது. வேற பேச்சு வேண்டாம்" னாங்க.

அவ்வளவுதான். ரெண்டு வரியில முடிஞ்சுது.

வெளிய வந்ததும் பிலோ, "நான் கேக்கலடி" ன்னா.

"வேணாம்னும் சொல்லலியே."

அவ கண்ணாடியைத் திருப்பிக் குடுத்துட்டேன்.

ஆகஸ்ட் 15, செவ்வாய்

திருநாள். பாடல் பூசை. எங்க தெருக்காரங்களுக்குக் கோவில்ல இடது சிறகுதான். அங்கேருந்து தூண்தான் தெரியும். எட்டிப் பார்த்தா பீடத்துல ஒரு முழம் கரை. மெழுகுவத்தி வெளிச்சத்துல மஞ்சள் நல்லாத்தான் எடுத்துச்சு. மூலை தெரியல.

பிரசங்கத்துல பிலோ பேரைச் சொன்னாங்க. இந்தச் சாமியார் வேற, வெளியூர்லேருந்து வந்தவரு. பாவசங்கீர்த்தனம் கேட்டவர் என் பக்கமே திரும்பல. அவரால வாயத் தொறக்க முடியாது, அது ரகசியம். நான் மட்டும் தொறக்கணும்.

பக்கத்துல ஒரு அம்மா, "அந்தப் பொண்ணு கையில மாதா இருக்கா" ன்னுச்சு. எந்தப் பொண்ணுன்னு கேக்கலாம்னு இருந்துச்சு. கேக்கல.

மத்தியானம் பாயசம். நல்லாவே இல்ல. ரெண்டு தடவை வாங்கிக் குடிச்சேன்.

ஆகஸ்ட் 19, சனி

தூறல். துணி காயல.

திருச்சியிலேருந்து பரீட்சை ஃபாரம் வந்திருக்கு. ஒண்ணே ஒண்ணு. பேப்பர் தட்டுப்பாடு, இன்னொண்ணு கேக்காதீங்கன்னு கூடவே ஒரு சீட்டு. இன்னிக்கு மத்தியானத் தபால்தான் கடைசி.

மதர் கூப்பிட்டாங்க. "உன் எழுத்து முத்து முத்தா இருக்கும். பிலோமினாவுக்கு இதைப் பூர்த்தி பண்ணிக் குடு" ன்னாங்க. கீழே அவங்க கையெழுத்து முன்னமே போட்டிருந்துச்சு. கேக்க எப்படித்தான் வாய் வருதோ. "சரிங்க மதர்" னேன்.

கட்டம் கட்டமா அச்சடிச்ச ஃபாரம். பேனாவைத் தொட்டுத் தொட்டு நிதானமா எழுதினேன்.

பேர்: என் பேர்.
தகப்பனார்: அப்பா பேர்.
தொழில்: பறை அடிப்பது.
சொந்தமாகப் போட்ட அலங்கார டிசைன்: பறையின் பின்பக்கம், வாரும் வளையமும், மூலை திரும்பும் கரையோடு.

கை தவறி இல்ல. தெரிஞ்சுதான். ஊதிக் காய வச்சேன். அழிச்சா தாள் கிழியற மை.

மதர் மேசையில வச்சுட்டு வந்து இதை எழுதறேன். ரெண்டுல ஒண்ணுதான். அனுப்பினா நான் போவேன். கிழிச்சா யாருமே போக மாட்டா. அடுத்த பஸ்ஸுக்கு என்னை வூட்டுக்கு அனுப்பினாலும் சரி, என் கரையைக் காட்டிப் பிலோ திருச்சிக்குப் போறது நடக்காது.

நோட்டைத் திரும்பப் பாவாடைக்கு அடியில வைக்கணும்.

மாடியில நாற்காலி நகர்ற சத்தம். கூப்பிடறாங்க.