புனேயில் கேட்ட கேள்வி

அன்பான அம்மாவுக்கு ரஞ்சனியின் வணக்கம். இங்கே புனேயில் நான் நலம். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? அப்பா சர்க்கரை மாத்திரையை மறக்காமல் போடுகிறாரா?

நீங்கள் போனை ஸ்பீக்கரில் போட்டுத் தெருவுக்கே கேட்க வைப்பீர்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன். இன்று எனக்குக் கால் தரையில் பாவவில்லை!

போன மாதம் எங்கள் ஆஸ்பத்திரிக்கு ஒருவர் சிகிச்சைக்கு வந்தார். கொடுத்தது புனே முகவரி, பேசியது திக்கித் திக்கி இந்தி. நான் ஊசி குத்தியதும், "மெதுவாங்க சாமி!" என்று அலறிவிட்டார். எனக்கு ஒரே ஆனந்தம். "ஏனுங்க, நம்மூருங்களா! எந்த ஊருங்க, யாரு ஊடுங்க?" என்று வார்டே திரும்பிப் பார்க்கும்படி கேட்டுவிட்டேன்.

அவர் முகம் வெளுத்துவிட்டது. தன் நோய் ஊருக்குத் தெரியக் கூடாதென்றுதானே இத்தனை தூரம் வந்திருக்கிறார்! பையை எடுத்துக்கொண்டு லிப்ட் பக்கம் நடந்தார்.

ஓடிப்போய் மறித்தேன். "நான் கேட்டது தப்புங்க. ஊரும் சொல்ல வேண்டாங்க, ஊடும் சொல்ல வேண்டாங்க. வைத்தியத்த மட்டும் உட்டுறாதீங்க."

லிப்டில் ஏறாமல் பையோடு வார்டுக்குத் திரும்பி வந்தார். இன்று முழுக்கக் குணமாகிக் கிளம்பிவிட்டார், அம்மா!

தலைக்குத் தேய்க்க அரப்புத்தூள் கொஞ்சம் அனுப்புங்கள். ஞாயிற்றுக்கிழமை போனில் இன்னும் கொஞ்ச நேரம் பேசுங்கள். நம் ஊர்ப் பேச்சுப் பேச இங்கே இருந்த ஒருவரும் போய்விட்டார். டியூட்டிக்கு நேரமாகிவிட்டது.

கிளம்பும்போது அவர், நான் கேட்காமலே, ஊரையும் வீட்டையும் என் காதோடு சொன்னார். எடப்பாடியிலிருந்து மோகனூர் வரை ஒவ்வொரு வீடாக நீங்கள் யோசிப்பது தெரிகிறது. என்னிடம் மட்டும் கேட்காதீர்கள்.

உங்கள் மகள்,
ரஞ்சனி