மகிழினியின் கைப் புடைப்பு

செவ்வாய், இரவு.

மாவுக்கட்டைப் பிரித்ததும் மகள் மகிழினியின் முன்கையில் எலும்பு புடைத்திருந்தது. பனியன் கம்பெனியில் துணியில் நீட்டும் நூல் பிசிறை வெட்டிப் பழகிய கை எனக்கு; துருத்தியதைக் கண்டால் சும்மா இருக்காது. நாலு நாளாக எண்ணெய் போட்டு அழுத்தி உருவினேன். இன்று டாக்டரிடம் சொன்னேன்.

"ஏனுங்க, அது புதுசா வளர்ந்த எலும்புங்க. ஒடஞ்ச எடத்துல எலும்புச் செல்லுங்க முதல்ல கூடுதலாத்தான் கட்டும். அப்புறம் வேற செல்லுங்க மெதுவா அதிகப்படியைக் கரைச்சுடும்."

"நான் எதாச்சும் கெடுத்துட்டனுங்களா?"

"இல்லீங்க, எக்ஸ்ரேல நேராத்தான் இருக்குது. இனி அழுத்தாதீங்க. சின்னச் சின்ன வேலைக்கு அந்தக் கையைப் பழக்குங்க. வேலை இருந்தாத்தான் எலும்பு உறுதியாகும்."

சாயங்காலம் மகிழினி அந்தக் கையால் தண்ணீர்ச் சொம்பைத் தூக்கினாள். சொம்பு ஒரு பக்கம் சாய்ந்தது. வாங்கப் போனேன்.

"நானே கொண்டாறேம்மா."

விட்டுவிட்டேன். பாதித் தண்ணீர் தரையில் போனது.