அந்தக் கூவலுக்கு விட்ட இடம்

அன்புள்ள மௌனச் சாமியாருக்கு,

உங்கள் வீட்டுக்காரி எழுதுவது. குட்டி இப்போதுதான் கண்ணயர்ந்தாள். ஆஸ்பத்திரியில் உங்களைப் பேசவே கூடாது என்று வைத்திருக்கிறார்கள், சரிதான்; ஆனால் போனில் நான் பேசிக்கொண்டே போக, நீங்கள் ஒரு ‘ம்’ கூடச் சொல்லாமல் கேட்பதை என்னால் தாங்க முடியவில்லை. செல்லில் எழுதி அனுப்பினாலோ ஒரு சிரிப்புப் பொம்மையை அனுப்பிவிட்டுத் தப்பித்துவிடுகிறீர்கள். அதனால்தான் பேனா.

நல்ல செய்தி முதலில். உங்கள் தொண்டை டாக்டர் என்னைக் கூப்பிட்டார். முடிச்சு கரைந்துவிட்டதாம், கத்தி வைக்க வேண்டாமாம். கேட்டதும் சமையலறைத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். அடுப்பில் பால் பொங்கி வழிந்ததைக்கூட குட்டிதான் கையை நீட்டிக் காட்டினாள்.

இவ்வளவும் உங்களுக்கே தெரிந்திருக்கும். உங்களிடம் பாதியைத்தான் சொன்னாராம். மீதியை "நீங்க சொன்னா தாங்கிக்குவாரும்மா" என்று என் தலையில் கட்டிவிட்டார். சொல்லிவிடுகிறேன். கொஞ்ச நாளில் பேசலாம். அப்புறம் மெல்லப் பாடலாம். ஆனால் பாட்டு நடுவில் நீங்கள் போடும் அந்த ‘ஓஓய்’ கூவல் மட்டும் இனி ஒருபோதும் கூடாது.

கடிதத்தைக் கீழே வைக்காதீர்கள். இன்னும் இருக்கிறது.

எனக்கும் பயமாகத்தான் இருந்தது. டி.வி. போட்டியில் நாலாவதாக வந்த உங்களை ஊரெல்லாம் கூப்பிட்டது அந்தக் கூவலுக்காகத்தானே? நகைக்கடைத் திறப்புவிழா, கல்யாண வரவேற்பு, காலேஜ் விழா, எங்கே போனாலும் பாட்டு முடிவதற்குள் "இன்னொரு வாட்டி, இன்னொரு வாட்டி!" நாட்டுப்பாட்டையும் கிட்டாரையும் எவ்வளவு பாடுபட்டு இழைத்தீர்கள்! அதைக் கேட்க எவனுக்கும் பொறுமை இல்லை. தொண்டை கிழிந்த அன்றும் சிரித்துக்கொண்டே கூவினீர்கள். கீழே நின்ற எனக்கு மட்டும் அது வேறு மாதிரி கேட்டது.

அந்தப் பயம் இன்னும் போகவில்லை. போன வாரம் குட்டி அழுதபோது குரல் கரகரத்தது. உங்கள் முடிச்சு அவளுக்கும் வந்துவிட்டது என்று நினைத்து, செருப்பைக்கூட மாற்றிப் போட்டுக்கொண்டு குழந்தை டாக்டரிடம் ஓடினேன். டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "வீட்ல யாரும்மா இப்படிக் கத்தக் கத்துக்கொடுத்தது?" என்று கேட்டார். பழைய வீடியோவைப் பார்த்துப் பார்த்து நாள் முழுக்க ‘ஓஓய்’ போட்டிருக்கிறாள் உங்கள் மகள்! எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

இப்போது முக்கியமான விஷயம். நீங்கள் ஒப்புக்கொண்ட காலேஜ் விழாவை ரத்து செய்ய முடியவில்லை. "கூவல் இல்லாட்டி அவரே வந்தாலும் பிரயோஜனமில்ல" என்று ஏற்பாட்டாளர் முகத்தில் அடித்த மாதிரி சொல்லியிருந்தார். நேற்று உங்கள் குழு பல்லைக் கடித்துக்கொண்டு போனது. கோரஸ் பாடும் பெண் உங்கள் பாட்டைப் பாடினாள். குட்டியின் காதில் பஞ்சு வைத்து, ஸ்பீக்கருக்குத் தள்ளிக் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன்.

கூவலை எடுத்துவிட்டு நேராக அடுத்த வரிக்குப் போவதாகத்தான் ஒத்திகையில் பேசி வைத்திருந்தார்கள். டிரம்ஸ்காரத் தம்பிக்கு மறந்துவிட்டது. நீங்கள் மூச்சு இழுப்பதற்காக எப்போதும் நிறுத்துவானே, அதேபோல் கையைத் தூக்கி நிறுத்திவிட்டான். எல்லாமே நின்றுவிட்டது. அந்தப் பெண் திருதிருவென்று விழித்தாள். தொலைந்தது, இனிமேல் உங்களை யாரும் கூப்பிடப் போவதில்லை என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

அரங்கமே கூவியது. கடைசி வரிசை வரைக்கும். பக்கத்தில் இருந்த காவலாளிகூட தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு கூவினார். குட்டி பஞ்சைப் பிடுங்கி எறிந்துவிட்டு, எல்லாரும் முடித்த பிறகு தனியாக ஒன்று போட்டாள். கூவி முடித்த கூட்டம் அடுத்த வரியைக் காது கொடுத்துக் கேட்டது. முதல் தடவையாக உங்கள் பாட்டைக் கடைசி வரை கேட்டார்கள்.

மேடையை விட்டு இறங்கியதும் தம்பி ஓடி வந்தான். "அண்ணி, இனிமே அந்த இடம் நம்ம பொறுப்பு இல்ல. அண்ணன்கிட்ட சொல்லிடுங்க" என்றான். பேச்சு முடிவதற்குள் கண்ணைத் துடைத்துக்கொண்டான். அதே ஏற்பாட்டாளர் பின்னாலேயே வந்து, அடுத்த விழாவுக்கு உங்களை எப்போது அனுப்புவேன் என்று கேட்டார். "மெதுவாத்தான் பாடுவார். அவர் மூச்சு வாங்கிக்குவார், நீங்க கத்திக்கோங்க" என்றேன். மறுபேச்சில்லாமல் தலையாட்டினார்.

ஆகவே நீங்கள் கவலைப்பட எதுவும் இல்லை. எனக்குத்தான் ஒன்று பாக்கி இருந்தது. ஹாஸ்டலில் இருந்தபோது என் ஜன்னலுக்குக் கீழே, தெருவில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு என்னைக் கூப்பிட்ட குரல் அது. வார்டன் திட்டியதும் நினைவிருக்கிறது. அதை மேடையில் எல்லாருக்கும் கொடுத்துவிட்டீர்களே என்று எனக்குள் கொஞ்சம் வருத்தம் இருந்தது. நேற்று அத்தனை பேரும் கூவியதைக் கேட்ட பிறகு அதுவும் போய்விட்டது.

வரும்போது பழக்கதோஷத்தில் கீழே நின்று கூவிவிடாதீர்கள். மருந்தை நேரத்துக்குச் சாப்பிடுங்கள், கழுத்தில் துணியைச் சுற்றிக்கொள்ளுங்கள், பக்கத்துக் கட்டில்காரரோடு கிசுகிசுக்காதீர்கள். தெருமுனையில் திரும்பியதும் கையை மட்டும் உயர்த்துங்கள். நாங்கள் இரண்டு பேரும் பால்கனியில் நிற்போம். கூவுவதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

நல்லபடியாக வீடு வந்து சேருங்கள்.

உங்கள் வீட்டுக்காரி
(குட்டியின் கிறுக்கல் கீழே. அதுவும் ‘ஓஓய்’தானாம்.)